பியோனி: இனம் பார்த்துப் பெருக்கும் முறை

பியோனி என்ற குளிர்நாட்டுப் பூச்செடியை முதன்முதலாக வளர்த்த ஆண்டில், இலையெல்லாம் பழுத்ததும் கத்தரியை எடுத்து இரண்டு செடிகளையும் தரையோடு வெட்டிவிட்டேன். அடுத்த வசந்தத்தில் ஒன்று ஜோராகத் துளிர்த்துப் பூத்தது. மற்றது மண்ணிலிருந்து இரண்டு மெலிந்த குருத்துகளை மட்டும் விட்டது. அது மறுபடி பூக்க நான்கு ஆண்டு ஆயிற்று. முதலாவது செடிப் பியோனி. இரண்டாவது மரப் பியோனி. அதன் மொட்டுகள் அத்தனையும் நான் வெட்டி எறிந்த குச்சிகளில்தான் இருந்தன.

எவ்வளவு ஆழத்தில் நட வேண்டும், குளிர்காலத்துக்கு முன் வெட்டலாமா, தூர் பிரித்தால் பிழைக்குமா, ஒட்டுக் கட்ட வேண்டுமா, விதை போட்டால் பயன் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் பியோனியில் ஒரே விடை கிடையாது. இனத்துக்கு இனம் மாறும். அதனால் கத்தியையும் மண்வெட்டியையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, செடி என்ன என்று முதலில் பார்ப்போம்.

இன்னொன்றையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பியோனி குளிரைக் கேட்கும் செடி. பல வாரங்களுக்கு 5 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர் கிடைத்தால்தான் அதன் உறக்கம் சரியாகக் கலையும். அது கிடைக்காத இடத்தில் இலை வரலாம், பூ வராது. உரத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது.

மூன்று கூட்டம்

பியோனியேசியே என்ற குடும்பத்தில் பியோனியா என்ற ஒரே பேரினம்தான் இருக்கிறது. அதில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட இனங்கள். தோட்டக்காரருக்கு அவ்வளவு கணக்கு தேவையில்லை, மூன்று கூட்டம் தெரிந்தால் போதும்.

முதலாவது செடிப் பியோனி. குளிர்காலம் வந்தால் தண்டு முழுவதும் காய்ந்துவிடும். மண்ணுக்கடியில் கிழங்கும் அதன் மேல் மொட்டுக்கண்களும் மட்டும் உயிரோடு இருக்கும். தோட்டங்களில் அதிகம் இருப்பது பியோனியா லாக்டிஃப்ளோரா. சீனா, மங்கோலியா, சைபீரியா அதன் தாயகம். தெற்கு ஐரோப்பாவின் பியோனியா அஃபிசினாலிஸ், நூல்நூலாகப் பிரிந்த இலையோடு வரும் பியோனியா டெனுயிஃபோலியா ஆகியவையும், இவற்றைக் கலந்து உருவாக்கிய கலப்பினங்களும் இதே கூட்டம்தான்.

இரண்டாவது மரப் பியோனி. பெயரில்தான் மரம். உண்மையில் ஆள் உயரமோ அதற்குக் கொஞ்சம் கூடவோ வளரும் புதர்தான். இலை உதிரும், குச்சி நிற்கும். சீனாவில் இதற்கு மூதான் என்று பெயர். செடிப் பியோனிக்கு ஷாவ்யாவ். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பதால் அங்கே குழப்பம் வருவதில்லை. நாம் இரண்டையும் பியோனி என்றே அழைத்துவிட்டு, அப்புறம் கத்தரியோடு போய் நிற்கிறோம்.

மூன்றாவது இந்த இரண்டின் கலப்பு. இரண்டையும் கலக்கவே முடியாது என்று பலர் கைவிட்டிருந்த காலத்தில், ஜப்பானியரான டோய்ச்சி இட்டோ 1948-இல் ககோடென் என்ற வெள்ளைச் செடிப் பியோனியில் ஆலிஸ் ஹார்டிங் என்ற மஞ்சள் மரப் பியோனிக் கலப்பினத்தின் மகரந்தத்தைச் சேர்த்தார். நாற்றுகள் கிடைத்தன. ஆனால் அவை பூப்பதைப் பார்க்காமலே 1956-இல் அவர் இறந்துபோனார். பின்னர் அமெரிக்கரான லூயி ஸ்மிர்னோ அவற்றில் நான்கை வாங்கி 1974-இல் பதிவு செய்தார். இந்தக் கூட்டத்தை இன்றும் இட்டோ பியோனி என்றே சொல்கிறோம். ரோஜர் ஆண்டர்சன் உருவாக்கி 1986-இல் பதிவான பார்ட்செல்லா இதில் பிரபலமான மஞ்சள் ரகம்.

பூவை வைத்து மட்டும் இனம் சொல்லாதீர்கள்

ஒற்றை அடுக்கு, ஜப்பானிய வடிவம், அனிமோன் வடிவம், அரை அடுக்கு, குண்டு வடிவம், முழு அடுக்கு என்று பூவின் வடிவத்தைப் பிரிப்பது வழக்கம். ரசிப்பதற்கும் ரகத்தின் பெயரைத் தேடுவதற்கும் அது உதவும். கூட்டம் எது என்று அது சொல்லாது. முழு அடுக்குப் பூ மரப் பியோனியிலும் உண்டு, செடிப் பியோனியிலும் உண்டு. போதாக்குறைக்கு, புதிதாக நட்ட முழு அடுக்கு ரகம் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் அரை அடுக்காகப் பூத்து ஏமாற்றும். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று கோபப்பட்டுப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. மூன்றாவது பூப்பு வரை பொறுத்துப் பாருங்கள்.

பூவில் பார்க்க வேண்டிய குறிப்புகள் வேறு. இதழின் அடியில் கரும்பழுப்பு அல்லது கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் மரப் பியோனி அல்லது இட்டோவாக இருக்க வாய்ப்பு அதிகம். பியோனியா ராக்கி என்ற மரப் பியோனியில் அது மை தடவியதுபோல் இருக்கும். அப்புறம் பூவின் நடுவே விரலால் விலக்கிப் பாருங்கள். சீன, ஜப்பானிய மரப் பியோனிகளில் சூலகங்களைச் சுற்றி ஒரு மெல்லிய தோல் உறை, வெளிர் மஞ்சளாகவோ ஊதாவாகவோ போர்த்தியிருக்கும். லாக்டிஃப்ளோராவில் சூலகங்கள் திறந்தே நிற்கும். அடர் மஞ்சள் நிறப் பூ, அதுவும் ஆண்டுதோறும் அநேகமாகத் தரையிலிருந்தே புதிதாக வளரும் செடியில் என்றால், இட்டோ என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். வெளிர் மஞ்சளுக்கு இந்த விதி செல்லாது; வெளிர் மஞ்சளில் பூக்கும் செடிப் பியோனிக் கலப்பினங்களும் உண்டு.

இலை, தண்டு, கிழங்கு

எனக்கு மிகவும் நம்பிக்கையான அடையாளம் குளிர்காலத்தில்தான் கிடைக்கிறது. இலை உதிர்ந்த பின் போய்ப் பாருங்கள். பட்டை உரிந்த, சாம்பல் பழுப்பான குச்சி நின்று, நுனியில் பருத்த மொட்டு இருந்தால் மரப் பியோனி. ஒன்றுமே இல்லாமல் மண் மட்டும் இருந்தால் செடிப் பியோனி. தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குள் கொஞ்சம் கட்டைத்தனமான தண்டும் அதில் ஒன்றிரண்டு மொட்டும் இருந்து, அதற்கு மேல் காய்ந்து போயிருந்தால் இட்டோ.

கோடையில் பார்ப்பதென்றால் இலையைப் பிடியுங்கள். லாக்டிஃப்ளோரா இலை கரும்பச்சையாகப் பளபளக்கும். சிற்றிலைகள் நீள்வட்டமாக இருக்கும். ஓரத்தில் விரலை ஓட்டினால் லேசாகச் சொரசொரக்கும். இந்தச் சொரசொரப்பு ஒரு சின்ன ரகசியம் மாதிரி, ஒருமுறை தெரிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். அஃபிசினாலிஸ் இலையில் பளபளப்பு குறைவு, கூடுதலாகப் பிளவுபட்டிருக்கும். மரப் பியோனியின் இலை மங்கலான நீலப்பச்சை. நுனிச் சிற்றிலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். இட்டோவின் இலை பார்வைக்கு மரப் பியோனி போலவே இருக்கும், ஆனால் செடியோ கவிழ்த்து வைத்த கிண்ணம் போல உருண்டையாக, முழங்காலிலிருந்து இடுப்பு உயரத்துக்குள் நிற்கும்.

செடிப் பியோனிக்குள்ளேயே பிரிக்க வேண்டுமானால் மொட்டை எண்ணுங்கள். லாக்டிஃப்ளோராவில் ஒரு தண்டில் நுனி மொட்டுக்குக் கீழே பக்க மொட்டுகளும் வரும். அஃபிசினாலிஸில் தண்டுக்கு ஒரே பூ. அது பூக்கும் காலமும் முந்தும். பொதுவாக மரப் பியோனியும் அஃபிசினாலிஸும் கலப்பினங்களும் முன்னால், லாக்டிஃப்ளோரா பின்னால், இட்டோ அதோடு சேர்ந்தோ அதற்குச் சற்றுப் பிந்தியோ பூக்கும்.

தோண்டும்போது கிழங்கையும் கவனியுங்கள். லாக்டிஃப்ளோராவுக்குக் கேரட் போல நீளமாக மெலிந்து போகும் வேர். அஃபிசினாலிஸுக்கு டேலியாக் கிழங்கு போல நடுவில் பருத்து, தூரோடு சேரும் இடத்தில் மெலிந்த கிழங்குகள். இட்டோவின் வேர்க்கட்டை மரத்துண்டு மாதிரி இறுகியிருக்கும். இந்த வேறுபாடு அடுத்து வரும் வேலைக்கு மிகவும் முக்கியம்.

செடிப் பியோனி: தூர் பிரித்தல்

மிக எளிதானதும் உறுதியானதும் இதுதான். ரகம் மாறாமல் அப்படியே வரும். ஆனால் பிரிக்க வேண்டும் என்று செடி ஒருபோதும் கேட்பதில்லை. ஒரே இடத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பூக்கும் பியோனிகள் உண்டு. உங்களுக்கு இன்னொரு செடி வேண்டும், அல்லது இடம் மாற்ற வேண்டும், அதற்காக மட்டும் தொடுங்கள். குறைந்தது நான்கைந்து ஆண்டு வயதான தூர் வேண்டும்.

படி 1: காலம். இலை பழுக்கத் தொடங்கும் இலையுதிர் காலம். வட கோளத்தில் செப்டம்பர், அக்டோபர். தென் கோளத்தில் மார்ச், ஏப்ரல். அடுத்த ஆண்டுக்கான கண்கள் அப்போது உருவாகி முடிந்திருக்கும், உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்களும் அந்தக் குளிர்ந்த மண்ணில்தான் புதிதாக வரும். மண் உறைவதற்கு ஐந்தாறு வாரம் முன்னதாக வேலையை முடித்துவிடுங்கள். வசந்தத்தில் பிரித்தாலும் செத்துப்போகாது, ஓரிரு ஆண்டு சோர்ந்து கிடக்கும்.

படி 2: தோண்டுதல். தண்டுகளை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டுங்கள். தூரிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகத் தோண்டி, அடியிலிருந்து நெம்பித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கண்ணோடு சேர்ந்து பிய்ந்துவரும்.

படி 3: கழுவி வாட விடுதல். பலர் தாண்டிப் போகும் படி இது. எடுத்தவுடன் வேர் நீர் நிறைந்து, தட்டினால் கண்ணாடி போல உடையும். மண் போக நீர் பீய்ச்சிக் கழுவி, நிழலில் சில மணி நேரமோ ஒரு நாளோ போட்டு வையுங்கள். வேர் கொஞ்சம் துவண்டதும் எது எங்கே போகிறது என்று தெரியும், பிரிப்பதும் சுலபம்.

படி 4: வெட்டுதல். ஒரு துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண்களும் அவற்றைத் தாங்கத் தடித்த வேர் சிலவும் இருக்கட்டும். முதலில் கையால் அசைத்துப் பாருங்கள், தானாகப் பிரியும் இடம் ஒன்று இருக்கும். அங்கே கத்தியை வையுங்கள். நீண்ட வேர்களை ஒரு சாண் விட்டு நறுக்கலாம். கறுத்து, மெத்தென்று இருக்கும் பகுதியை வெள்ளைச் சதை தெரியும் வரை சீவிவிடுங்கள். ஒவ்வொரு தூருக்கும் இடையில் கத்தியை 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீர் கலந்த கலவையில் முக்கி எடுங்கள். ஒரு செடியின் நோயை அடுத்ததற்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் கத்திதான்.

ஆசைப்பட்டு ஒரு கண், இரண்டு கண் என்று துண்டு போட்டால் எண்ணிக்கை கூடும், காத்திருப்பும் கூடும். எனக்கு அது லாபமாகத் தெரியவில்லை.

படி 5: நடுதல். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில், நீர் தேங்காத மண், செடிக்குச் செடி 90 முதல் 120 சென்டிமீட்டர் இடைவெளி. குழியின் குறுக்கே ஒரு குச்சியை வைத்து அளந்துகொள்ளுங்கள்: கண்கள் மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். குளிர் மிதமான இடங்களில் 1 முதல் 2 சென்டிமீட்டர் போதும். ஆழம் கூடிவிட்டால் இலை செழித்து நிற்கும், பூ மட்டும் வராது. "நன்றாக வளர்கிறது, ஆனால் பூப்பதில்லை" என்று வரும் புகார்களில் நான் முதலில் மண்ணைக் கிளறிப் பார்ப்பது இந்த ஆழத்தைத்தான். மண்ணை அழுத்தி, நீர் விட்டு, இறங்கினால் மேலும் மண் போட்டுச் சரிசெய்யுங்கள். பழைய பியோனி இருந்த அதே குழியில் புதிய துண்டை நடாதீர்கள்.

கண் இல்லாத வேர்த்துண்டுகள் மிஞ்சும். லாக்டிஃப்ளோராவில் அவற்றால் பயன் இல்லை, துளிர்க்காது. ஒட்டுக் கட்டத் தேவைப்படும் என்பதால் தடித்தவற்றை மட்டும் எடுத்துவைக்கலாம். அஃபிசினாலிஸ், டெனுயிஃபோலியா, பெரெக்ரினா என்ற இன்னொரு செடிப் பியோனி ஆகியவற்றில் கதை வேறு. கண் இல்லாத வேரிலேயே புதுக் கண் பிறக்கும். இவற்றைத் தோண்டி எடுத்துவிட்ட இடத்தில் ஓரிரு ஆண்டு கழித்துக் குட்டிச் செடி எட்டிப்பார்ப்பது அதனால்தான்.

இட்டோ: கத்தி போதாது

காலமும் ஆழமும் மேலே சொன்னதுதான். வேர்க்கட்டைதான் சிக்கல்; சிறு ரம்பம் வேண்டும். கண்கள் மண்ணுக்கடியிலும் இருக்கும், கட்டைத் தண்டின் மேலும் இருக்கும். ரம்பத்தை வைக்கும் முன் எல்லாக் கண்ணையும் தேடி, ஒவ்வொரு துண்டுக்கும் வேர் இருக்கிறதா என்று பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருந்தால் துண்டைச் சாய்த்துப் படுக்கவைத்து நடலாம். விதையை நம்ப வேண்டாம்; இந்தக் கலப்பினங்கள் பெரும்பாலும் மலடு.

மரப் பியோனி: ஒட்டும் பதியனும்

கடைகளில் வரும் மரப் பியோனிகளில் பெரும்பாலானவை செடிப் பியோனி வேரில் ஒட்டியவை. அந்த வேர் ஒரு செவிலித்தாய் மாதிரி: மேலே இருக்கும் குச்சி தன் சொந்த வேரை விடும் வரைதான் அது தேவை. அதனால்தான் மரப் பியோனியை ஆழமாக, ஒட்டு 10 முதல் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போகும்படி நடுகிறோம். செடிப் பியோனிக்குச் சொன்ன விதிக்கு இது நேர் எதிர்.

ஒட்டுக் கட்டும் காலம் கோடையின் கடைசி. வட கோளத்தில் ஆகஸ்ட் இறுதியும் செப்டம்பரும். அந்த ஆண்டு வளர்ந்த குச்சியில் ஒன்றிரண்டு மொட்டுகளோடு விரல் நீளத்துக்கு வெட்டி, அடியை ஆப்பு வடிவில் இருபுறமும் சீவுங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளமும் பெருவிரல் தடிமனும் உள்ள லாக்டிஃப்ளோரா வேரை எடுத்து, தூரோடு இருந்த முனை எதுவோ அதை மேலே வைத்துப் பிடியுங்கள். அந்த முனையில் ஆப்பு உட்காரும் அளவுக்குப் பிளந்து, குச்சியை இறக்குங்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய பச்சைப் படலமும் வேரின் தோலுக்கு அடியில் இருக்கும் படலமும் ஒரு பக்கமாவது தொட வேண்டும். இரண்டும் ஒரே தடிமன் இல்லையென்றால் நடுவில் வைக்காதீர்கள், ஓரமாக ஒதுக்குங்கள். ஒட்டு நாடாவால் இறுக்கிச் சுற்றி, வெட்டுவாயை மெழுகால் மூடுங்கள்.

கட்டியவற்றைப் பிழிந்தால் சொட்டாத அளவு ஈரமான மணலிலோ மரத்தூளிலோ புதைத்து, 20 டிகிரியை ஒட்டிய நிழலில் மூன்று நான்கு வாரம் வைத்தால், இணைந்த இடத்தில் வெள்ளையாகத் திசு புடைத்துக்கொண்டு வரும். அப்புறம் மேல் மொட்டு மண்மட்டத்தை ஒட்டியிருக்கும்படி ஆழமான தொட்டியிலோ பாத்தியிலோ நடுங்கள். முதல் முயற்சியில் பாதி பிடித்தாலே சந்தோஷப்படலாம். இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தோண்டிப் பார்த்து, குச்சியில் சொந்த வேர் வந்திருந்தால் செவிலி வேரை வெட்டிவிடலாம்.

ஒட்டுக் கட்டப் பொறுமையோ கை நிதானமோ இல்லையென்றால் பதியன் போடுங்கள். வசந்தத்தில் தாழ்ந்த கிளை ஒன்றின் அடிப்பட்டையைக் கீறி, மண்ணில் வளைத்துப் புதைத்து, மேலே கல் வையுங்கள். இரண்டு ஆண்டாவது விட வேண்டும். மெதுவானது, ஒரு முறைக்கு ஒரு செடிதான். ஆனால் அது சொந்த வேரில் நிற்கும். பல தண்டுகள் மண்ணிலிருந்தே கிளம்பியிருக்கும் பழைய புதரைச் செடிப் பியோனி போல இலையுதிர் காலத்தில் பிரிக்கவும் முடியும், ஒவ்வொரு தண்டுக்கும் வேர் இருந்தால்.

விதை: பொறுமைசாலிகளுக்கு

ரகத்தின் விதை போட்டால் அந்த ரகம் வராது. காட்டினங்களுக்கும் புதிய கலப்புக்கு ஆசைப்படுபவர்களுக்கும் மட்டும் இந்த வழி. காய் வெடிக்கத் தொடங்கும்போதே பறித்து, விதை காய்ந்து இறுகுவதற்குள் போடுங்கள். சில காட்டினங்களின் காயில் கருநீல விதையும் செக்கச்சிவந்த விதையும் சேர்ந்தே இருக்கும். பார்க்க அழகான சிவப்பு மலட்டு விதை, கருநீலத்தை எடுங்கள்.

இந்த விதைக்கு இரட்டை உறக்கம். முதலில் வெதுவெதுப்பில் வேர் விடும், அதன் பின் குளிரில் கிடந்தால்தான் தளிர் கிளம்பும். வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளை நனைத்து அதோடு பையில் போட்டு 20 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் வைத்து, வேர் விரல் நீளம் வந்ததும் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் இன்னும் மூன்று மாதம் வைக்கலாம். வெளியே விதைத்தால் முதல் வசந்தத்தில் ஒன்றும் தெரியாது. மண்ணுக்குள் வேர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். "முளைக்கவில்லை" என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். பூ வர நான்கைந்து ஆண்டு, மரப் பியோனிக்கு இன்னும் கூட.

நட்ட பிறகு

முதல் ஆண்டு பூ எதிர்பார்க்க வேண்டாம்; வந்தால் கிள்ளிவிடுவது கிழங்குக்கு நல்லது. மூன்றாம் ஆண்டில்தான் செடி தன் உருவத்தைக் காட்டும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் மூடாக்குப் போட்டு, வசந்தத்தில் எடுத்துவிடுங்கள். மொட்டில் எறும்பு ஊர்ந்தால் விரட்ட வேண்டாம். மொட்டு சுரக்கும் தேனுக்காக வருகிறது. அது இல்லாவிட்டாலும் பூ விரியும். இளந்தண்டு திடீரென்று அடியில் கறுத்துச் சாய்ந்தால் போட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பூஞ்சணம். அந்தத் தண்டை வெட்டி அப்புறப்படுத்துங்கள். செடிப் பியோனியின் காய்ந்த தண்டையும் இலையையும் இலையுதிர் காலத்தில் தரையோடு வெட்டித் தோட்டத்தைவிட்டே வெளியேற்றுவது இதற்காகத்தான். இட்டோவில் கீழே மொட்டுள்ள கட்டையை விட்டுவிட்டு மேலே வெட்டுங்கள். மரப் பியோனியில் உதிர்ந்த இலையை மட்டும் பொறுக்குங்கள்.

ஒட்டுச் செடியில் மட்டும் ஒவ்வொரு வசந்தத்திலும் மண்ணிலிருந்து வரும் குருத்துகளைச் சோதிக்க வேண்டும். செவிலி வேரில் எங்கோ ஒரு கண் ஒட்டிக்கொண்டிருந்தால் அது செடிப் பியோனியாகக் கிளம்பி, மேலே இருப்பதை மெல்ல மெல்லப் பட்டினி போடும். நான் வெட்டிவிட்ட அந்த மரப் பியோனியில் முளைத்த இரண்டு குருத்துகளையும் இரண்டு ஆண்டு ஒன்றுபோலப் பேணினேன். மூன்றாம் ஆண்டுதான் இலையோரத்தில் விரலை ஓட்டிப் பார்க்கத் தோன்றியது. ஒன்று மழமழவென்று இருந்தது. கொழுத்து வளர்ந்திருந்த மற்றது சொரசொரத்தது. மண்ணை விலக்கி, வேரோடு சேரும் இடம் வரை போய் அதை அறுத்தெடுத்தேன். மறு ஆண்டு மற்றது பூத்தது.